தோடு நின்றது, அட்டிகை உருகியது: சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் நகை முயற்சி

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை, எங்களிடம் நகை வாங்கிய டீச்சர் ஒருவர் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் நாங்கள் செய்த அட்டிகை. இரண்டாவதில் அதன் பின்கழுத்துப் பகுதி, வெல்லப்பாகு மாதிரி இளகிக் கிடந்தது. மூன்றாவதில் அவருடைய மயில்பச்சைப் பட்டு ரவிக்கை, முதுகு ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. கீழே ஒரே வரி: “இது சாம்பார்க் கறை இல்ல தங்கச்சி, உங்க நகைதான்னு நினைக்கிறேன்.” கோபமாக எழுதியிருந்தால்கூடத் தேவலை. மரியாதையாக எழுதியிருந்தார், அதனால்தான் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த அட்டிகை ஏன் உருகியது, கூடவே செய்த மற்ற சாமான்கள் ஏன் உருகவில்லை, நாங்கள் எங்கே கோட்டை விட்டோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். ரப்பரில் நகை செய்ய நினைக்கும் யாராவது இன்னொரு ரவிக்கையைக் கெடுக்காமல் இருந்தால் சரி.

நாங்கள் என்றால் நானும் என் சின்னம்மா மகளும். நான் பட்டணத்தில் ஓர் அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள், ஆரி வேலையும் போடுவாள். ஊர் சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலம். பெயருக்கு அர்த்தம் நத்தை ஆறு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் 1948 ஜூன் 16-இல் தோட்டத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்ததைச் சொல்வார்கள், இல்லையென்றால் துன் சம்பந்தனைச் சொல்வார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். எங்கள் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) மாதாமாதம் கட்டியவர்தான். அந்தப் பங்குச் சான்றிதழ் இன்றைக்கும் அவருடைய தகரப்பெட்டியில், தோடு மூக்குத்தியோடு சேர்த்து, மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. அவருக்கு அதுவும் ஒரு நகை.

யோசனை வந்தது வேறு இடத்திலிருந்து. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர், ஓட்டோ கூன்ஸ்லி, 1980-இல் ஒரு வளையல் செய்தார். கறுப்பு ரப்பர்க் குழாய், அவ்வளவுதான். உள்ளே ஒரு தங்க உருண்டை இருக்கிறது, வெளியே ஒரு புடைப்பு மட்டும் தெரியும். ரப்பரை அறுத்தால்தான் தங்கத்தைப் பார்க்க முடியும். ‘தங்கம் கண்ணை மறைக்கும்’ என்கிற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் படத்தைப் போனில் பார்த்ததும் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது எங்கள் கொள்ளுப்பாட்டியின் தண்டட்டி. இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வளர்ந்த காதோடு கப்பலேறி வந்தவர். அந்தத் தண்டட்டியை ஒரு கஷ்டகாலத்தில் உருக்கக் கொடுத்தபோது, உள்ளே பாதிக்கு மேல் அரக்கு என்று ஆசாரி சொன்ன கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. தண்டட்டி, பாம்படம் எல்லாமே அப்படித்தான், அரக்கின் மேல் மெல்லிய தங்கத் தகடு. பாம்படத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக, பூ இல்லை, மயில் இல்லை, மாங்காய் இல்லை. ஐரோப்பாவில் ஓவியர்கள் உருவத்தைக் கட்டம் கட்டமாக உடைத்ததைப் பெரிய புரட்சி என்று படிக்கிறோம், இங்கே நம் கிழவிகள் அதைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு களை எடுத்திருக்கிறார்கள்.

நம் பாட்டிமார் மட்டமான பொருளைத் தங்கத்தால் மூடினார்கள், கூன்ஸ்லி தங்கத்தை மட்டமான பொருளால் மூடினார். அந்த மட்டமான பொருளோ எங்கள் ஊர்ப் பொருள். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் கோலகங்சார் போய்விடலாம், அங்கே 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. முந்தின வருஷம் பிரேசிலிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளின் வாரிசு அது. இந்த நாட்டுப் பால்மரத்தின் முதல் தலைமுறை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் பிளாஸ்டிக் முத்து வாங்கிக் கோத்துக்கொண்டிருந்தோம்.

சரி, என்னென்ன செய்தோம்?

முதலில் ரப்பர் கொட்டைத் தோடு. இதைப்பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மட்டும்தான் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக நடந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வெயில் ஏறினால் காய் பட்டென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும், அதைப் பொறுக்கிவந்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் கையால் குத்தி உடைப்போம், சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்போம். என் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அத்தனை கொட்டை பொறுக்கியும் நான் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே மரத்துக் கொட்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கோலம். பழுப்பும் சாம்பலுமாகத் தெளித்த அந்த ஓடு தாய் மரத்தின் சதையிலிருந்து வருவது, மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் ஓட்டின் கோலம் அம்மாவுடையதுதான். ஒட்டுக்கட்டிய மரங்களில் ஓர் இரகம் முழுக்க ஒரே கோலம், அதனால் விதையைப் பார்த்தே மர இரகத்தைச் சொல்லும் ஆட்கள் உண்டு. தோடு செய்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஜோடி சேர்க்க மரத்தடிக்குப் போனால் போதும். ஒரு மரத்தடியில் ஒரு பை, அடுத்த மரத்தடியில் இன்னொரு பை, கலக்கவே கூடாது.

செய்முறை சுலபம், ஆனால் நாற்றம் பிடித்த வேலை. இரண்டு ஓட்டை போட்டு, வேகவைத்து, கம்பியால் பருப்பைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டால் எண்ணெய்ப் பருப்பு சிக்கடித்துப்போகும், வண்டும் வரும். பச்சைப் பருப்பில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது, அதனால் சுரண்டியதைக் கோழி கொத்தாத இடத்தில் புதைத்தோம். காலியான ஓடு காற்று மாதிரி இருக்கும். காதுக்குப் பாரமே இல்லை.

இரண்டாவது, மங்கு. ரப்பர்ப் பால் வடியும் அந்தப் பழைய பீங்கான் மங்கு (கிண்ணம்) இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாக மாறிப்போன மண்ணில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மழை பெய்த மறுநாள் போனால் வெள்ளையாகப் பல் மாதிரி மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும். அதைத் தண்ணீருக்கு அடியில் வைத்து வைரத்தூள் ஊசியால் துளை போட்டுப் பதக்கம் ஆக்கினோம். அழகுதான், ஆனால் கனம். ஓரத்தைத் தேய்த்து மழுப்பாவிட்டால் கழுத்தை அறுக்கும்.

மூன்றாவது, பழைய மோட்டார் டியூப் வளையல், அதன் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி. (இந்த ஊரில் வெள்ளி என்றால் காசு. இங்கே நான் சொல்வது உலோகம். காசை ரிங்கிட் என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.)

நான்காவது ஒரு சால்வை. ரப்பர்ப் பாலில் தூரிகையைத் தொட்டுத் துணியில் கோலம் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் பாலை உரித்துவிட்டால் வெள்ளைக் கோலம் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஓவியர்கள் தாளில் நீர்வண்ணம் பூசும்போது வெள்ளை இடத்தைக் காக்கத் தடவுகிற திரவமும் ரப்பர்ப் பால்தான், அம்மோனியா கலந்தது. தாளில் உரிந்து வரும். பருத்தியில் வராது, நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பாத்தேக் மெழுகைக் கொதிநீரில் போட்டால் கழன்றுவிடுகிறது, பால் எங்கே கழலும்? அம்மாயி சால்வையைத் தூக்கிப் பார்த்தார். “பால் பட்ட சட்டை வெளுத்து நீ பாத்திருக்கியா?” அதோடு சால்வை அத்தியாயம் முடிந்தது.

ஐந்தாவது அட்டிகை. ஆறாவது ஓர் இடுப்புப் பை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அட்டிகைக்கு வேண்டியது புகை போட்ட ரப்பர் ஷீட்டு. முன்பெல்லாம் இது எங்கும் கிடைக்கும். பாலில் தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, வரிவரியாகக் கோடு விழும் கடைசி உருளையில் விட்டு எடுத்து, புகைக்கூண்டில் மூன்று நான்கு நாள் தொங்கப்போட்டால் தேன் நிறத்தில் ஷீட்டு. இப்போது சிறுதோட்டக்காரர்கள் மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலை அப்படியே விற்றுவிடுகிறார்கள், ஆலையில் அது கட்டை ரப்பராகிவிடும். ஷீட்டு அடிக்கிறவர் எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவர் கிடைத்தார், வீட்டுக்குப் பின்னால் கை உருளை வைத்திருப்பவர். அவரிடம் எட்டு ஷீட்டு வாங்கினோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பனங்கற்கண்டு. நான் கணினியில் சிக்குக் கோலம் வரைந்து, அச்செடுத்து, ஷீட்டின் மேல் ஒட்டி, கத்தியால் வெட்டினேன், ஜன்னல் சல்லடை மாதிரி வந்தது. ஒவ்வொரு துண்டையும் பித்தளை வளையத்தால் இணைத்தோம். தேன் நிறத்துக்குப் பித்தளை மஞ்சள் அப்படிப் பொருந்தியது. பின்னால் கொக்கியும் பித்தளை. புகை வாசம் மெல்லிசாக வரும். எனக்கு அது வாசம், வாங்க வந்த ஓர் ஆன்ட்டிக்கு அது நாற்றம்.

படம் எடுத்தால் அட்டிகைதான் ராணி. தீபாவளிச் சந்தையில் ஒரு கடையைப் பாதி வாடகைக்குப் பகிர்ந்துகொண்டோம். பலகையில் நான் பெருமையாக எழுதி வைத்திருந்த வாசகம் ‘தோட்டத்து மண்ணின் பாரம்பரியம்’. இப்போது நினைத்தால் கூசுகிறது. பால்மரம் வெட்டி (மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கை காய்த்துப்போன ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு, அட்டிகையை எடுத்துப் பார்த்துவிட்டு, “இதக் கழுத்துல போட்டுக்கவா எங்கப்பா நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு ஓடுனாரு” என்று கேட்டார் (பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பு). கேலியாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அவர் கொட்டைத் தோடு இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு போனார், பேத்திகளுக்கு. அட்டிகை வாங்கியவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரிலிருந்து தீபாவளிக்கு ஊர் வந்த பிள்ளைகள், அப்புறம் அந்த டீச்சர்.

செய்தது 53 உருப்படி, விற்றது 39. தோடு 24 ஜோடியில் 21 போனது, ஜோடி 15 ரிங்கிட். அட்டிகை ஒன்பதில் ஆறு, ஒன்று 65. பதக்கம் ஏழில் நான்கு, 35 வீதம். வளையல் பத்தில் ஐந்து, 25 வீதம். பை செய்ததே மூன்று, மூன்றும் முதல் நாளே போய்விட்டன, 40 வீதம். மொத்தம் 1,090 ரிங்கிட் கையில். அன்றைக்கு இரவு பசார் மாலாமில் (இரவுச் சந்தை) அப்பம் பாலிக் வாங்கித் தின்றபடி அடுத்த வருஷம் தனிக்கடை போடுவதைப் பற்றிப் பேசினோம்.

அப்புறம் தைப்பூசம்.

டீச்சரின் அட்டிகையை வாங்கி வந்து மேசையில் பரப்பினோம். முதலில் எனக்குத் தோன்றியது வெயில். தைப்பூச வெயிலில் நடந்தால் மனிதரே உருகுவார், ஷீட்டு எம்மாத்திரம்? ஆனால் சின்னம்மா மகள் தையல்காரி, கறை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் பேசுவாள். “வெயில்னா முன்பக்கம்தானே உருகணும்? முன்னாடி கோலம் அப்படியே இருக்கு பார்.” நிஜம். நெஞ்சில் பட்ட துண்டுகள் முறுக்கோடு இருந்தன. கெட்டுப்போனது இரண்டே இடம். ஒன்று, பின்கழுத்து, ஒரு விரல் நீளத்துக்கு ஊதிப் பிசுபிசுத்து. இன்னொன்று, ஒவ்வொரு பித்தளை வளையத்தையும் சுற்றி, பொட்டளவுக்குக் கறுத்து, ஒட்டி, ஓரத்தில் லேசாகப் பச்சை. இரண்டு இடத்திலும் கெட்ட விதமே வேறு. பின்கழுத்து ஊதியிருந்தது, வளையத்தடி இற்றிருந்தது.

டீச்சருக்குப் போன் போட்டு, தயங்கித் தயங்கி, தலைக்கு என்ன தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். தேங்காயெண்ணெய், தினமும், பின்னல் போட்டு. பின்னல் எங்கே விழும்? சரியாக அந்த ஒரு விரல் இடத்தில்.

இதை அம்மாயியிடம் சொன்னபோது அவர் வெற்றிலை மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகு நாலைந்து வருஷம் ஒரு சிறுதோட்டத்தில் ஷீட்டு உருட்டியவர். “எண்ணெ பட்டா ஷீட்டு கொழகொழன்னு போயிடும். இது தெரியாமயா கழுத்துல மாட்டி வித்தீங்க?” தெரியாமல்தான் விற்றோம். அவர் பக்கத்து அறையிலேயே இருந்தார், நாங்கள் மூன்று மாதம் வெட்டினோம், ஒரு நாளும் கேட்கவில்லை.

பித்தளைக் கதையைச் சொன்னவர் ஸ்டோரில் வேலை செய்த ஒரு மாமா. தோட்டத்து ஸ்டோர் என்றால் மளிகை ஸ்டோர் இல்லை, பால் வந்து சேர்ந்து ஷீட்டு ஆகும் இடம். அங்கே பால் படுகிற எதிலும் செம்பு, பித்தளை வைக்க விடமாட்டார்களாம். அலுமினியம், மரம், எவர்சில்வர், அவ்வளவுதான். காரணத்தை நான் அப்புறம் தேடிப் படித்தேன். ரப்பர் என்பது நீளநீளமான சங்கிலி. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அந்தச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கும், ஷீட்டு பழசாவது அதனால்தான். செம்பு கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் அந்த அறுப்பு பலமடங்கு வேகமாகிவிடும், சங்கிலி துண்டாகத் துண்டாக ரப்பர் பிசினாகும். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. வியர்வை பட்டால் பித்தளை பச்சை பூக்கிறது இல்லையா, அந்தப் பச்சைதான் செம்பு உப்பு, நேரே ஷீட்டுக்குள் போகிறது. எண்ணெயின் வேலை வேறு மாதிரி. அது சங்கிலியை அறுப்பதில்லை, இடையில் புகுந்து விலக்கி ஊத வைக்கிறது.

கேள்விப்பட்டது மட்டும் போதாது என்று தையல் அறை ஜன்னலில் எட்டு ஷீட்டுக் கீற்றுகளைத் துணிக்கிளிப்பில் தொங்கவிட்டோம். ஒன்று சும்மா. ஒன்றில் பித்தளை வளையம். ஒன்றில் பித்தளை வளையம், அதோடு தினம் வியர்வைத் துணியால் ஒத்தி எடுப்பது (யாருடைய வியர்வை என்று கேட்காதீர்கள்). ஒன்றில் எவர்சில்வர் வளையம். ஒன்றில் தேங்காயெண்ணெய். ஒன்றில் டால்கம் பவுடர். ஒன்று நேரடி வெயிலில். கடைசிக் கீற்று ஜன்னலை விட்டு இறங்கி அலமாரிக்குள், துணியில் சுற்றி. ஏழு வாரம் பார்த்தோம். எண்ணெய்க் கீற்று மூன்றாம் நாளே ஓரம் சுருண்டு ஊதியது. வெயில் கீற்று முதலில் பிசுபிசுத்தது, அப்புறம் மேல்தோல் மட்டும் சருகு மாதிரி காய்ந்து வெடித்தது. பித்தளையும் வியர்வையும் சேர்ந்த கீற்று ஐந்தாவது வாரம் வளையத்தின் கனத்துக்கே அறுந்து கீழே விழுந்தது. வெறும் பித்தளைக் கீற்றில் ஏழாம் வாரம் லேசான ஒட்டல். எவர்சில்வர், பவுடர், அலமாரி மூன்றும் புதுசு போல.

இதே கஷ்டத்தை வெள்ளைக்காரன் எப்போதோ பட்டு முடித்திருக்கிறான். 1823-இல் மாக்கின்டாஷ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணி செய்தார், வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-இல் குட்இயர் என்கிற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் பாலம் விழுந்து இறுகுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் ரப்பர் உடம்பில் போடும் பொருளாயிற்று. கந்தகத்தை அதிகமாகச் சேர்த்தால் கறுப்பாகக் கெட்டியாகும். கணவர் இளவரசர் ஆல்பர்ட் 1861-இல் இறந்து விக்டோரியா ராணி கறுப்புக்கு மாறியபோது, விலையான கறுப்புக் கல் நகை வாங்க முடியாதவர்கள் அந்தக் கெட்டி ரப்பரில் துக்க நகை போட்டுக்கொண்டார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு அது பழுப்பாகிவிடும், பழைய சாமான் வியாபாரிகள் அதை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். ஆக ரப்பர் நகை எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் மலாயாவில் ஒரு பால்மரம்கூடக் கிடையாது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் டியூப் வளையல் விஷயம் விளங்கியது. ஆமாம், அதிலும் புகார் உண்டு. இரண்டு பேர், வளையலில் சுற்றிய வெள்ளிக் கம்பி கறுத்துவிட்டது, கலப்பட வெள்ளியா என்று கேட்டிருந்தார்கள். கலப்படம் இல்லை. டியூப் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், அதில் மிச்சமிருக்கும் கந்தகம் வெள்ளியைப் பிடித்துக் கறுக்க வைக்கிறது. தேய்த்தால் போகும், இரண்டு வாரத்தில் திரும்ப வரும். பாருங்கள் வேடிக்கையை: கந்தகம் இல்லாததால் அட்டிகை உருகியது, கந்தகம் இருந்ததால் வளையல் கறுத்தது. நான் இரண்டையும் ‘ரப்பர்’ என்று ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

வளையலுக்கு வந்த தீர்வு சோம்பேறித்தனமானது, எனக்குப் பிடித்தது. வெள்ளியை வேண்டுமென்றே கறுக்க வைப்பது நகைத் தொழிலில் பழைய வழக்கம், அதற்கென்று கந்தகக் கரைசலே விற்கிறார்கள். எங்களுக்கு அது எதற்கு? கம்பியையும் டியூப் துண்டுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தோம். முழுசாகக் கறுத்த பிறகு சுற்றி விற்றோம். இனி மாற நிறம் இல்லை. இளசுகள் வாங்குகிறார்கள். பெரியவர்கள் கறுத்த வெள்ளி வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள், அவர்களோடு வாதம் செய்வதில்லை. ஒருத்திக்கு மட்டும் வளையல் பட்ட இடம் தடித்து அரித்தது. ரப்பர் கையுறை சிலருக்கு ஒத்துக்கொள்ளாத மாதிரி இதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பணத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது எல்லா வளையலுக்கும் உள்பக்கம் பருத்திப் பட்டி தைக்கிறோம்.

அட்டிகை வாங்கிய ஆறு பேரையும் கூப்பிட்டோம், புகார் சொல்லாதவர்களையும்தான். ஐந்து பேர் திருப்பித் தந்தார்கள். ஆறாவது ஆள், கோலாலம்பூர்க்காரர், தரமாட்டேன் என்றுவிட்டார். அவர் வாங்கின நாளிலிருந்து அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம், ஒட்டவும் இல்லை உருகவும் இல்லையாம். “அப்போ அது கலை, நமக்குப் பொறுப்பு இல்ல” என்றாள் சின்னம்மா மகள். சிரித்தோம், ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. 1966-இல் பாக்கோ ரபான் என்கிற உடை வடிவமைப்பாளர் பாரிஸில் உலோகமும் பிளாஸ்டிக்குமாக 12 உடைகளைக் காட்டி, அவற்றுக்கு ‘அணிய முடியாத உடைகள்’ என்று தானே பெயர் வைத்துப் பேர் வாங்கினார். அவரால் முடியும். எங்களிடம் வாங்குகிறவர் அதைப் போட்டுக்கொண்டு வெள்ளி ரதம் பார்க்கப் போவார், அன்னதானத்தில் உட்காருவார், பிள்ளை அதைப் பிடித்து இழுக்கும். நான் அட்டிகையைத் திரையில் வரைந்தேன், அச்சில் பார்த்தேன், படத்தில் ரசித்தேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் முழுக்க அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்யவில்லை.

கணக்கு: 1,090-இல் கடைப் பங்கு 200, பொருள் செலவு 260, ஐந்து அட்டிகைக்குத் திருப்பியது 325, டீச்சருக்குப் பட்டு ரவிக்கை புதிதாகத் தைத்துக் கொடுத்த வகையில் 150. மிச்சம் 155 ரிங்கிட், இரண்டு பேருக்கு. வளையலுக்குத் திருப்பியதைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் மனசு தாங்காது.

இப்போது அந்த இடுப்புப் பை. அம்மாயி மரம் வெட்டப் போனபோது இடுப்பில் ஒரு தகர டின் தொங்குமாம், உள்ளே புகையும் கொசுவர்த்தி. தலையில் விளக்கு, காலில் பூட்ஸ், புருஷனுடைய முழுக்கைச் சட்டை, சேலை மேல் கைலி, இடுப்பில் புகை. இந்தக் கோலத்தை எவராவது மேடையில் நடக்கவிட்டால் கைதட்டுவார்கள். அந்த டின்னின் வட்ட வடிவத்தை எடுத்து, ஷீட்டை வெளியே வைத்து, உள்ளே தடித்த பருத்தி கொடுத்து, சுற்றுத் தையல் போட்டு, இடுப்பு வாரைத் துணியில் வைத்தோம். போன் இருக்கும், சில்லறை இருக்கும். தையல்காரி வேலை என்பதால் உலோகமே இல்லை. உடம்புக்கும் ஷீட்டுக்கும் நடுவே துணி. எண்ணெய் படும் இடமும் இல்லை. மூன்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பையை வடிவமைத்தது நான் இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

புது அட்டிகையை அந்தப் பையிலிருந்து கற்றோம். கோலத் துண்டுகளை ஒன்றோடொன்று வளையம் போட்டு இணைப்பதை விட்டு, ரவிக்கைத் துணிப் பட்டியில் வைத்துத் தைத்தோம். முன்னால் ஒரு தொங்கலுக்கு மட்டும் எவர்சில்வர் வளையம், மீன்பிடிச் சாமான் கடையில் ஒரு பாக்கெட் வாங்கியது. பின்கழுத்துக்கு ரப்பரே கிடையாது, முடிச்சுப் போடும் நூல் கயிறு. இந்தக் கயிறுக்கு நான் வரைபடம் போட்டு மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா தன்னுடைய கல்யாண அட்டிகையைக் கொண்டுவந்து காட்டினார். தங்கம் காதுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது, பின்னால் வெறும் பட்டுக்கயிறு, இழுத்துக் கட்டும் குஞ்சம். தங்கத்தை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். அதுவும் இருக்கலாம். ஆனால் பின்னலின் எண்ணெய் விழுவது கயிற்றில், கயிறு அழுக்கானால் இரண்டு ரிங்கிட்டுக்கு வேறு கயிறு.

பலகை வாசகத்தையும் மாற்றிவிட்டோம். இப்போது வெறுமனே ‘ரப்பர் நகை, பை’. கூடவே ஒரு சின்ன அட்டை: எண்ணெய் வேண்டாம், வெயிலில் காயப்போட வேண்டாம், பவுடர் தூவித் துணியில் சுற்றி வைக்கவும், பித்தளைச் சாமானோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.

டீச்சர் இரண்டாவது முறையும் நம்பி வாங்கிக்கொண்டார், காசு வாங்க நாங்கள் மறுத்தும் பாதியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிறார், பின்னலோடு, எண்ணெயோடு. நாங்கள் கேட்டுக்கொண்டபடி மாதம் ஒரு படம் அனுப்புகிறார். அடுத்த தைப்பூசம் வரை அது தாங்கினால் அதே மாதிரி இன்னும் ஐந்து வெட்டுவதாக இருக்கிறோம். அதுவரை மிச்ச ஷீட்டு அம்மாயியின் அலமாரியில், அவருடைய எண்ணெய்ப் புட்டிக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கிறது. வைத்தது அவரேதான்.